குடம் சுமந்தால் அது வேலையே இல்லையா? மகளுக்கு என்ன பதில் சொல்வது?

தையல்மிஷின் (ஒட்டன்சத்திரம் பக்கம்)

வணக்கம். நான் பத்தாவதோடு அறிவியலை விட்டவள், பன்னிரண்டாவதில் காமர்ஸ். இப்போது வீட்டிலேயே தையல். மகள் எட்டாவது படிக்கிறாள். நேற்று ராத்திரி அவள் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

எங்கள் தெருவில் நல்ல தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். தெருக்குழாயில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். நான் ஆர்டர் துணியோடு மிஷினில் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க முடியாது. அதனால் என் மாமியார்தான் தூக்குவார். பதினைந்து லிட்டர் குடத்தில் எட்டு நடை.

மகளின் டியூஷன் நோட்டில் ஒரு வரி: "சுமையைத் தூக்கிக்கொண்டு சமதளத்தில் நடப்பவர் அந்தச் சுமையின் மீது செய்யும் வேலை பூஜ்யம்." அன்று காலைதான் அவள் அப்பத்தா எட்டாவது குடத்தை இறக்கிவிட்டுத் திண்ணையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவள் நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் போட்டு, "அப்பத்தா செஞ்சது வேலையே இல்லைன்னு எழுதியிருக்கும்மா. நோட்டு பொய்யா, அப்பத்தா இடுப்புவலி பொய்யா?" என்றாள். கண்ணெல்லாம் கலங்கிவிட்டது.

இதோடு இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். வேலை, திறன், ஆற்றல் இந்த மூன்றும் எனக்கு ஒன்று போலத்தான் படுகிறது. கரண்ட் பில்லில் வரும் யூனிட் இதில் எது? அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்காவது எனக்குப் புரிய வேண்டும்.

மூன்றாமாண்டு_மெக்கானிக்கல்

சிம்பிள் அக்கா. வேலை = விசை × இடப்பெயர்ச்சி × கோசைன் தீட்டா. குடத்தைத் தாங்கும் விசை மேல் நோக்கி, நடப்பது பக்கவாட்டில். இரண்டுக்கும் இடையே 90 டிகிரி. கோசைன் 90 பூஜ்யம். அதனால் வேலை பூஜ்யம்.

தையல்மிஷின்

நன்றி தம்பி. நீங்கள் சொன்னதுதான் நோட்டிலும் அடுத்த வரியில் இருக்கிறது. அவளுக்குக் கணக்கு வருகிறது. இடுப்பு ஏன் வலிக்கிறது என்பதுதான் வரவில்லை.

கரும்பலகை (ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், திருச்சி)

அம்மா, உங்கள் மகள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. முப்பத்தொரு வருடம் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். "வேலை பூஜ்யம்" என்று பலகையில் எழுதும்போதெல்லாம் வகுப்பில் ஏதாவது ஒரு பிள்ளையின் முகம் சுருங்கும். பெரும்பாலும் வீட்டுக்குத் தண்ணீர் தூக்கும் பிள்ளையாக இருக்கும். அந்த முகத்துக்கு முதலில் பதில் சொல்லிவிட்டுத்தான் சூத்திரத்துக்குப் போக வேண்டும் என்பது எனக்குப் புரியவே பல வருடம் ஆயிற்று.

மகளிடம் இப்படிச் சொல்லுங்கள். "வேலை" என்பது நம் தெருவில் புழங்கும் சொல். இயற்பியல் அதைக் கடன் வாங்கி ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் வைத்துக்கொண்டது: ஒரு விசை, தான் தள்ளும் அல்லது இழுக்கும் பக்கமாக ஒரு பொருளை எவ்வளவு தூரம் நகர்த்தியது? வியர்த்ததா, வலித்ததா, எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதெல்லாம் அந்தக் கேள்விக்குள் வராது. இடுப்பு உயரத்தில் குடம் குழாயடியில் இருந்தது. வாசலுக்கு வந்தபோதும் அதே இடுப்பு உயரத்தில்தான் இருக்கிறது. நடந்த தூரத்தில் குடத்துக்குப் புதிதாக எதுவும் சேரவில்லை. நோட்டில் "சுமையின் மீது" என்று இருக்கிறதே, அந்த இரண்டு சொல்லைத்தான் எல்லாரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். பூஜ்யம் என்பது குடத்தின் கணக்கு. அப்பத்தாவின் கணக்கு வேறு.

அந்தக் கணக்கைப் பார்ப்போம். குடத்தை ஒரு மேசைமேல் வையுங்கள். மேசையும் அதே விசையோடுதான் தாங்குகிறது. ஒரு வருடம் தாங்கினாலும் அதற்குச் சோறு வேண்டாம். நம் தசை மேசைபோல் இறுகி நின்றுவிடுவதில்லை. தசைக்குள் மெல்லிய புரத இழைகள் ஒன்றையொன்று பற்றி இழுத்து, விட்டு, மறுபடி பற்றிக்கொண்டே இருக்கின்றன. கை அசையாமல் இருப்பதுபோல் வெளியே தெரியும், உள்ளே ஓயாத இழுபறி. ஒவ்வொரு பிடிக்கும் சாப்பாட்டிலிருந்து வந்த ஆற்றல் செலவாகிறது. குடம் மேலே போகாததால் அந்தச் செலவு குடத்தில் போய்ச் சேரவில்லை, வெப்பமாகிறது. அதனால்தான் சும்மா தாங்கி நின்றாலும் வியர்க்கிறது. போதாததற்கு நடக்கும்போது உடம்பும் குடமும் ஒவ்வோர் அடிக்கும் சற்றே ஏறி இறங்கும். ஏற்றும்போது கொடுத்ததில் ஒரு பகுதி இறங்கும்போது கால் தசையிலேயே வெப்பமாகத் தீர்ந்துவிடும்.

ஆக அப்பத்தா ஆற்றலைச் செலவிட்டது முழு உண்மை. அது குடத்தில் சேரவில்லை என்பதும் உண்மை.

இன்னொன்று. அப்பத்தா வெறுமனே நடக்கவில்லையே! குனிந்து, தரையிலிருந்த குடத்தை இடுப்புக்கு ஏற்றினாரே, அங்கே முழுக்க வேலை நடந்திருக்கிறது. 15 லிட்டர் தண்ணீர் 15 கிலோ. பூமி அதை இழுக்கும் விசை, கிலோவுக்கு 9.8 நியூட்டன் வீதம். எட்டாம் வகுப்புக்கு 10 என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் 150 நியூட்டன். தரையிலிருந்து இடுப்பு 1 மீட்டர் என்றால் 150 × 1 = 150 ஜூல். இது குடத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. உயரத்தில் இருப்பதால் ஒரு பொருளிடம் இருக்கும் இந்தச் சேமிப்புக்குத்தான் நிலை ஆற்றல் என்று பெயர். குடம் கைநழுவி விழுந்தால் அதே 150 ஜூல் இயக்க ஆற்றலாக மாறி, தரையில் மோதி, சத்தமாகவும் நெளிசலாகவும் வெப்பமாகவும் போகும். உங்கள் வீட்டுக்குப் படி இருக்கிறதா? இருந்தால் அந்த உயரத்தையும் கூட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்போது மூன்று சொற்கள். ஆற்றல் என்பது கையிருப்பு. வேலை என்பது அந்தக் கையிருப்பு விசையின் வழியாக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறுவது. அதனால் இரண்டுக்கும் ஒரே அலகு, ஜூல். திறன் என்பது எவ்வளவு வேகமாகக் கைமாறுகிறது என்பது. ஒரு நொடிக்கு ஒரு ஜூல் என்றால் அது ஒரு வாட்.

இதை நான் வகுப்பில் நடத்தமாட்டேன், பிள்ளைகளை மலைக்கோட்டைக்குக் கூட்டிப் போவேன். பாறை 83 மீட்டர் உயரம். 40 கிலோ பிள்ளை உச்சிப் பிள்ளையார் வரை ஏறினால் 400 × 83, அதாவது 33,200 ஜூல். ஓட்டமும் நடையுமாகப் பத்தே நிமிடத்தில் ஏறியவனும் அதே 33,200தான். தாயுமானவர் சன்னதியில் உட்கார்ந்து, வெளியே காற்று வாங்கி, இருபது நிமிடத்தில் வந்தவளும் அதேதான். இருவர் வேலையும் ஒன்று. ஆனால் முதல் பிள்ளையின் திறன் சுமார் 55 வாட், இரண்டாவது பிள்ளையின் திறன் சுமார் 28 வாட். மேலே நின்று காவிரியைப் பார்த்தபடி இந்தக் கணக்கைப் போட்ட பிள்ளைகள் அதன்பிறகு இரண்டையும் குழப்பிக்கொண்டதில்லை.

அங்கேயே இன்னொரு கேள்வியும் கேட்பேன்: எத்தனை இட்லி செலவாச்சு? 33,200 ஜூல் என்பது ஏறக்குறைய 8 கிலோ கலோரி. நம் தசை, சாப்பாட்டு ஆற்றலில் நாலில் ஒரு பங்கு அல்லது ஐந்தில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும், மிச்சம் வெப்பம். எனவே உடம்பு செலவழித்தது 30, 40 கிலோ கலோரி. ஒரு சின்ன இட்லி! பிள்ளைகள் நம்பமாட்டார்கள். இவ்வளவு மூச்சு வாங்கியதற்கு ஒரே ஒரு இட்லியா என்பார்கள்.

ஜூல் என்பது ஒரு மனிதரின் பெயர் என்பதையும் மகளிடம் சொல்லுங்கள். ஜேம்ஸ் ஜூல், இங்கிலாந்தில் சால்ஃபோர்டு என்ற ஊரில் 1818இல் பிறந்தவர். பீர் காய்ச்சும் தொழில் செய்த குடும்பம். எடைக்கற்களைக் கயிற்றில் கட்டிக் கீழே இறங்கவிட்டு, அந்தக் கயிற்றால் தண்ணீருக்குள் ஒரு துடுப்புச் சக்கரத்தைச் சுற்றவைத்தார். மத்தால் கடைவதுபோலத்தான். கற்கள் இறங்க இறங்கத் தண்ணீர் மிக மிகக் கொஞ்சமாகச் சூடேறியது. அந்தச் சின்னச் சூட்டை வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப அளந்து, இவ்வளவு வேலைக்கு இவ்வளவு வெப்பம் என்று நிறுவினார். அப்பத்தா செலவிட்ட ஆற்றல் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு அவருடைய தண்ணீர்ப் பாத்திரத்தில்தான் பதில் இருக்கிறது.

தையல்மிஷின்

ஐயா, மிஷினை நிறுத்திவிட்டு இரண்டு தடவை படித்தேன். "குடத்தின் கணக்கு வேறு, அப்பத்தாவின் கணக்கு வேறு" என்று சொன்னதும் அவள் முகம் தெளிந்தது. படி இருக்கிறது. சாயங்காலம் அளக்கிறேன் என்று என் இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டாள்.

வடமராட்சி_ரீச்சர்

வணக்கம் அக்கா. நான் யாழ்ப்பாணத்தில விஞ்ஞானம் படிப்பிக்கிறன். இணையத்தில ரெண்டு நாட்டுக் குறிப்பையும் பாக்கிற பிள்ளையள் குழம்புறதைக் கண்டிருக்கிறன், அதால இதை எழுதுறன். உங்கட "திறன்" எங்களுக்கு "வலு". உங்கட "ஆற்றல்" எங்களுக்கு "சக்தி". நிலை ஆற்றலை நாங்கள் அழுத்தசக்தி எண்டுவம். வேலை மட்டும் ரெண்டு பக்கமும் வேலைதான். ஜூல் எங்கட புத்தகத்தில யூல், வாட் எண்டது உவாற்று. கவனிக்க வேண்டியது "வினைத்திறன்" எண்ட சொல். அதில திறன் வருகுதெண்டு உங்கட திறனோட சேர்க்கக் கூடாது. குடுத்த சக்தியில எவ்வளவு பிரயோசனப்பட்டது எண்டதைத்தான் நாங்கள் வினைத்திறன் எண்டுறது. ஐயா சொன்ன நாலில ஒரு பங்கு, ஐஞ்சில ஒரு பங்கு கதைதான்.

தண்ணீர்க் கதை வந்ததால ஒண்டு சொல்ல ஆசை. எங்கட அம்மம்மா வீட்டுக் கிணத்தில துலா இருந்தது. ஆடுகாலில தாங்கின நீட்டு மரம், முன் நுனியில கயிறும் வாளியும், பின் நுனியில பாரத்துக்குக் கல்லு. வெறும் வாளியைக் கிணத்துக்குள்ள இறக்கத்தான் பலமாக் கயிற்றைக் கீழ இழுக்க வேணும். நிறைஞ்ச வாளி தூக்கிறது லேசு. சின்ன வயசில எனக்கு அது மந்திரம் மாதிரி. பிறகு படிக்கேக்கைதான் விளங்கினது, வேலை எங்கேயும் குறையேல்லை. வாளியை இறக்கேக்கையே பின் பக்கக் கல்லை உயர்த்தி, செய்யவேண்டிய வேலையில ஒரு பங்கை அழுத்தசக்தியாக் கல்லில வைச்சுப்போடுறம். தூக்கேக்கை கல்லு இறங்கி அதைத் திருப்பித் தருகுது. கீழ இழுக்கிறதுக்கு எங்கட உடம்பின்ர பாரமும் உதவும், முதுகு வளைக்கத் தேவையில்லை. அம்மம்மா எழுபது வயசிலயும் தானே அள்ளிக் குளிச்சவ.

கப்பியும் அப்பிடித்தான். ஒரே ஒரு நிலையான கப்பி விசையைக் குறைக்காது, திசையை மட்டும் மாத்தும். பிள்ளையள் சோதினையில அடிக்கடி பிழை விடுற இடம்.

வைண்டிங்_கடை (கோவை)

கரண்ட் பில் பத்திக் கேட்டிருந்தீங்கம்மா, அதை நான் சொல்றனுங்க. மோட்டார் வைண்டிங் பண்றது நம்ம தொழில். படிப்பு ஐடிஐ.

யூனிட்டுங்கறது ஆற்றலுங்க, திறன் இல்லை. 1000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினா ஒரு யூனிட். நொடிக்கு 1000 ஜூல், 3600 நொடி, ஆக 36 லட்சம் ஜூல். ஐயா சொன்ன கணக்குல வச்சுப் பாருங்க. ஒரு குடத்தை இடுப்புக்கு ஏத்த 150 ஜூல். 36 லட்சத்தை 150ஆல வகுத்தா 24,000. இருபத்துநாலாயிரம் குடம் தூக்கினாத்தான் ஒரு யூனிட்டுங்க! ரெண்டு மாசத்துக்கு நூறு யூனிட் நமக்குக் காசில்லாம வருது. அதுக்குள்ள எத்தனை பேரோட தோள் இருக்குதுன்னு பாப்பாவைக் கணக்குப் போடச் சொல்லுங்க. அந்த 24,000ஐ முதல்ல போட்டுப் பாத்த அன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போனதும் தேவையில்லாம எரிஞ்ச லைட்டையெல்லாம் நானே அணைச்சனுங்க.

ஹெச்.பி.ங்கறது திறன். ஜேம்ஸ் வாட் தன்னோட நீராவி எஞ்சின் எத்தனை குதிரைக்குச் சமம்னு ஜனங்களுக்குப் புரியவைக்க 1780கள்ல வச்ச கணக்கு. 33,000 பவுண்டு எடையை ஒரு நிமிஷத்துல ஒரு அடி தூக்கினா ஒரு குதிரைத் திறன், நம்ம கணக்குல 746 வாட். மோட்டார் பிளேட்டைப் பாத்தீங்கன்னா 0.75 கிலோவாட், 1 ஹெச்.பி.ன்னு ரெண்டும் அடிச்சிருக்கும். அது ஷாஃப்ட்டுல கிடைக்கிறதுங்க. உள்ள இழுக்கறது அதைவிட அதிகம்.

எங்க வீட்டுல அளந்ததைச் சொல்றேன். தரைத்தொட்டியில இருந்து மாடித்தொட்டிக்கு 10 மீட்டர். 1000 லிட்டர் ரொம்ப 12 நிமிஷம். கிளாம்ப் மீட்டர் போட்டுப் பாத்தா கிட்டத்தட்ட 1000 வாட் இழுக்குது. 720 நொடிக்கு 7,20,000 ஜூல், அதாவது கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் கம்மி. தண்ணிக்குப் போய்ச் சேர்ந்தது 1000 கிலோ × 10 × 10, ஒரு லட்சம் ஜூல்தானுங்க. ஏழுல ஒரு பங்கு! மிச்சம் வைண்டிங் சூடு, பம்புக்குள்ள தண்ணி சுத்தற சூடு, பைப் உரசல், அப்புறம் எல்போ, அதாவது பைப்பைத் திருப்பற வளைவு. பழைய லைன்ல தேவையில்லாத எல்போ மூணு இருந்தது, எடுத்தேன். ஒரு நிமிஷம் முன்னாடியே ரொம்புது.

விவசாயிங்க வந்து "அஞ்சு ஹெச்.பி. போட்டா மூணைவிடத் தண்ணி அதிகம் வருமா"ன்னு கேப்பாங்க. கிணத்துல இருக்கற தண்ணி அதேதான், ஏத்தற உயரமும் அதேதான், வேலையும் அதேதான். அஞ்சு போட்டா சீக்கிரம் இறைச்சு முடிக்கும், அவ்வளவுதானுங்க. ஊத்து கம்மியா இருக்கற கிணத்துல பெரிய மோட்டார் போட்டா காத்து இழுத்துட்டு நிக்கும்.

இன்னும் ஒண்ணு. ஆனைமலையில காடம்பாறைன்னு ஒரு மின் நிலையம், பாறையைக் குடைஞ்சு பூமிக்கு உள்ள கட்டியிருக்காங்க. 100 மெகாவாட் மிஷின் நாலு. கரண்ட் மிச்சம் இருக்கற நேரத்துல கீழ மேல் ஆழியாறு அணையில இருந்து தண்ணியை மேல காடம்பாறை அணைக்கு ஏத்தி வைப்பாங்க. எல்லாரும் லைட்டு, ஃபேன் போடற நேரத்துல திறந்துவிட்டு அதே மிஷின்ல கரண்ட் எடுப்பாங்க. ஏத்தறதுக்கு ஆகறது, திரும்பக் கிடைக்கறதைவிட அதிகம்தான். இருந்தாலும் வேண்டிய நேரத்துல கிடைக்குது பாருங்க. டீச்சர் சொன்ன துலாக் கல்லு மாதிரியே தானுங்க, மலை அளவுக்கு.

தையல்மிஷின்

எல்லாருக்கும் நன்றி. நேற்று சாயங்காலம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வாசலில் ஏழு படி. ஒவ்வொன்றும் 15 சென்டிமீட்டர். மொத்தம் 1.05 மீட்டர். தரையிலிருந்து இடுப்புக்கு 1 மீட்டர். ஒரு குடத்துக்கு 150 × 2.05, ஏறக்குறைய 307 ஜூல். எட்டுக் குடத்துக்கு 2,460 ஜூல். இதைப் போட்டு முடித்துவிட்டு எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். "அப்பத்தாவும் தானேம்மா படி ஏறுது? அது தன்னையும் தூக்கிட்டுத்தானே வருது?" என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை. ரேஷன் கடைத் தராசில் போய் எடை பார்த்துவிட்டு வந்தார்கள் பாட்டியும் பேத்தியும். 48 கிலோ. 480 × 1.05 என்றால் ஒரு தடவைக்கு 504 ஜூல், எட்டுத் தடவைக்கு 4,032 ஜூல். குடத்தோடு சேர்த்து 6,492 ஜூல். நோட்டில் அந்தப் பூஜ்யத்துக்குக் கீழே சிவப்பு மையில் இதை எழுதி, "இது சமதளம் இல்லை, எங்கள் வீடு" என்று போட்டிருக்கிறாள்.

அடுத்த கேள்வி இப்போது. வெறுங்குடத்தோடு படி இறங்கும்போது அப்பத்தா வேலை செய்கிறாரா, இல்லையா?

கரும்பலகை

அப்பத்தாவின் உடம்பையும் கணக்கில் சேர்த்தாளா! முப்பத்தொரு வருடத்தில் நான் சொல்லாமல் அதைக் கண்டுபிடித்த பிள்ளைகள் மிகக் குறைவு. அந்த நோட்டைப் பத்திரமாக வைத்திருங்கள் அம்மா.

இறங்கும்போது பூமி கீழே இழுக்கிறது, உடம்பும் கீழே போகிறது. அங்கே பூமி செய்வதுதான் வேலை. விழாமல் இருக்கக் கால்கள் மேல் நோக்கித் தாங்குகின்றன, நகர்வதோ கீழே. விசையும் நகர்வும் எதிரெதிர் என்பதால் கால்கள் செய்யும் வேலைக்குக் கழித்தல் குறி. ஏறியபோது சேர்ந்த 504 ஜூலும் இறங்கும்போது கால் தசையில் வெப்பமாகக் கரைகிறது, சைக்கிள் பிரேக் கட்டை சூடாவதுபோல. தசை நீண்டுகொண்டே தாங்குவது அதற்குப் பெரிய சோதனை. மலைக்கோட்டையில் ஓடி இறங்கிய பிள்ளைகளுக்கு மறுநாள் தொடை பிடித்துக்கொள்வது அதனால்தான்.

அப்பத்தாவிடமே கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஏறும்போது கால் அதிகம் கடுக்கிறதா, இறங்கும்போதா?

தையல்மிஷின்

கேட்டாள் ஐயா. "இறங்கறப்பத்தான் ஆத்தா, முழங்காலு விட்டுப்போகுது"ன்னாங்க. இன்றைக்குத் தண்ணீர் வரும் நாள். படிக்குக் கீழே குடத்தை வாங்கிக்கொள்ள நான் மிஷினை விட்டு எழுந்து வந்துவிட்டேன்.